வாசல் கல்லை மணலில் பாவுங்கள்

ஹைதராபாத்திலும் அதைச் சுற்றியும் தனிவீடு கட்டிக்கொண்டிருக்கும், கட்டவிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள், வேலைக்காக வந்து இந்த ஊரையே சொந்த ஊராக்கிக்கொண்டவர்கள் என்று நம்மில் பலரும் இன்று கொம்பள்ளி, தெல்லாப்பூர், ஆதிபட்லா பக்கம் 200 கஜம், 300 கஜம் மனை வாங்கி வீடு கட்டுகிறோம். கட்டுமானத்தில் தூணுக்கும் தளத்துக்கும் காட்டுகிற அக்கறை, கேட்டிலிருந்து தலைவாசல் வரைக்குமான பத்து இருபது அடிக்கு வந்து சேர்வதில்லை. அந்த இடத்தைப் பற்றிய முடிவு கடைசியில்தான் எடுக்கப்படுகிறது. பணம் ஏறக்குறையத் தீர்ந்திருக்கும், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகியிருக்கும். மேஸ்திரி வழக்கமான யோசனையைச் சொல்வார்: மண்ணைச் சமன்செய்து நாலு அங்குலக் கான்கிரீட் போட்டு, அதன்மேல் கலவை பரப்பி, பளபளப்பான கிரானைட்டை ஒட்டி, இடுக்குகளை வெள்ளை சிமெண்டால் அடைத்துவிடலாம். மூன்றே நாளில் வேலை முடியும். இந்த யோசனைக்குத் தலையாட்டும் முன் இக்கடிதத்தைப் படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நடைபாதைக்கும் தோட்டத்துப் படிகளுக்கும் இந்தப் பகுதியில் கிடைக்கும் கல்லை, பாலிஷ் போடாமல், கனமாக, ஜல்லியும் மணலும் விரித்த படுக்கையில், சிமெண்ட் இல்லாமல் பாவ வேண்டும் என்பதே என் வாதம். கான்கிரீட் தேவைப்படும் இடங்கள் உண்டு; அவற்றையும் சொல்கிறேன். ஆனால் அவை விதிவிலக்குகள். இன்று விதிவிலக்கே வழக்கமாகிவிட்டது.

கல்லிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இந்த விஷயத்தில் ஹைதராபாத்துக்கு இருக்கும் வசதி வேறு பல நகரங்களுக்கு இல்லை. நகரத்துக்கு மேற்கே சுமார் 110 கிலோமீட்டரில், விகாராபாத் மாவட்டத்தில் இருக்கிறது தாண்டூர். துவரைக்குப் பெயர்போன அதே ஊர்தான். அங்கிருந்து எல்லை தாண்டினால் கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் ஷாஹாபாத். நிஜாம் காலத்தில் இரண்டும் ஒரே ராஜ்யம். பீமா நதிப் படுகையின் சுண்ணாம்புக்கல் இந்த வட்டாரம் முழுக்க அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அந்த அடுக்குகளின் வழியாகவே கல் பிளந்து பலகையாக வரும். ரம்பம் தொட வேண்டாம், பாலிஷ் வேண்டாம். பிளந்த முகமே நடக்கத் தகுந்த முகம். தாண்டூரில் சாம்பல் நீலமும் மஞ்சளும் கிடைக்கும். தெற்கே பேத்தம்செர்லா பக்கத்திலிருந்து வரும் கருங்கடப்பாக் கல்லைத் தமிழ்நாட்டில் சமையல் மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் நாம் காலங்காலமாகப் பயன்படுத்துகிறோம். அதுவும் இதே இனம்தான். இவை போக, நம் காலடியிலேயே கிரானைட் இருக்கிறது. ஹைதராபாத்தின் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்தவை. அவை உடைபட்டு மறைவதைப் பார்த்துப் பொறுக்காமல் 1996இல் ‘சொசைட்டி டு சேவ் ராக்ஸ்’ என்ற அமைப்பே இங்கே தோன்றியது. அஸ்திவாரம் தோண்டும்போது கிளம்பும் பாறையைக் காசு கொடுத்து லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கரீம்நகரிலிருந்து வரும் மெருகேற்றிய பலகையைக் காசு கொடுத்து வாங்குவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற காரியம். தோண்டி எடுத்த கல்லை உளியும் ஆப்பும் வைத்து ஒழுங்காகப் பிளக்கத் தெரிந்த வட்டெர சமூகத்துக் கல்தச்சர்கள் தெலங்கானாவில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் மனையிலிருந்தே நாலு நல்ல படிக்கல் கிடைக்கக்கூடும். நிலைத்து நிற்கும் பாறையை மட்டும் தயவுசெய்து உடைக்காதீர்கள். பாதையை அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு போங்கள்.

இனி முக்கியமான காரணம், தண்ணீர். 200 கஜம் என்பது 1,800 சதுர அடி. அதில் நடைபாதை, பக்கவாட்டுச் சந்து, கார் நிற்கும் இடம் என்று 400 சதுர அடியை மூடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 37 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்தப் பரப்பில் விழுவது 370 லிட்டர். ஹைதராபாத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 80 சென்டிமீட்டர் மழை என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 30,000 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் டேங்கர் ஆறு. கான்கிரீட்டில் ஒட்டிய கல் அந்தத் தண்ணீரைச் சொட்டு விடாமல் தெருவுக்கு அனுப்புகிறது. 2020 அக்டோபர் 13, 14 தேதிகளில் இந்த நகரத்தில் ஒரே நாளில் சுமார் 19 சென்டிமீட்டர் மழை பெய்தது. புறநகரில் சில இடங்களில் 30 சென்டிமீட்டரையும் தாண்டியது. அன்று இப்படி மூடப்பட்ட ஒவ்வொரு 400 சதுர அடியும் தன் பங்குக்கு 7,000 லிட்டரைத் தெருவில் தள்ளியிருக்கும். பள்ளத்தில் இருந்த காலனிகள் மூழ்கியதற்கு ஏரிகளும் ஓடைகளும் ஆக்கிரமிக்கப்பட்டது பெரிய காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வெள்ளத்தில் நம் வாசல்களின் தண்ணீரும் கலந்திருந்தது. இதே நகரம்தான் கோடையில் டேங்கருக்குக் காத்திருக்கிறது. இங்கே நிலத்தடி நீர் பெரும்பாலும் சிதைந்த பாறை அடுக்கிலும் அதற்குக் கீழே பாறை வெடிப்புகளிலும்தான் தங்கும். ஆயிரம் அடி துளையிட்டும் காற்று மட்டுமே வரும் போர்வெல்கள் மேற்குப் பகுதியில் பலருக்குத் தெரிந்த கதை. மேலே ஊறவிடாத மண்ணுக்குக் கீழே எவ்வளவு ஆழமாகத் துளையிட்டு என்ன பயன்?

மழைநீர்ச் சேகரிப்புக் குழி இருக்கிறதே என்று கேட்கலாம். நீர், நிலம், மரங்களைக் காக்கும் 2002ஆம் ஆண்டின் ‘வால்டா’ சட்டம் மழைநீர்ச் சேகரிப்பை வலியுறுத்துகிறது; குழி கட்டாயம் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் குழி பெரும்பாலும் மொட்டைமாடித் தண்ணீருக்காக அமைகிறது. வண்டல் அடைத்து, யாரும் தூர் வாராமல் இரண்டு மூன்று ஆண்டுகளில் செயலிழந்துபோன குழிகள் ஊரெங்கும் உண்டு. கல் இடுக்குகள் வழியாகப் பரவலாக ஊறும் தண்ணீருக்கு அந்தப் பராமரிப்புத் தொல்லை குறைவு. இதையும் மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். இரண்டடிக்கு இரண்டடிக் கல்லை இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியோடு பாவினால், மொத்தப் பரப்பில் இடுக்கின் பங்கு ஆறு சதவீதம் அளவுக்குத்தான் வரும். அடித்துப் பெய்யும் மழையில் எல்லாத் தண்ணீரும் அதற்குள் இறங்கிவிடாது. அதனால்தான் பாதைக்கு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்து, அந்த வாட்டத்தைத் தெருப் பக்கம் திருப்பாமல் செடிப் பாத்தியின் பக்கம் திருப்ப வேண்டும் என்கிறேன். சாதாரண மழையைக் கல் இடுக்கு வாங்கிக்கொள்ளும், பெருமழையின் மிச்சத்தைப் பாத்தி வாங்கிக்கொள்ளும்.

கான்கிரீட்டில் ஒட்டினால் கல் உறுதியாக இருக்கும் என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். வெயிலில் கிடக்கும் கல்லும் அதன் அடியிலுள்ள கலவையும் கான்கிரீட்டும் ஒரே அளவில் விரிவதில்லை, ஒரே அளவில் சுருங்குவதுமில்லை. மே மாதத்தில் 42 டிகிரியைத் தொட்டுவிட்டு, ஜூனில் ஒரே மழையில் திடீரென்று குளிரும் ஊர் இது. மேலே 18 மில்லிமீட்டர் பலகை, கீழே அங்கங்கே மட்டும் வைத்த கலவைக் குவியல் என்றிருந்தால், சில பருவங்களில் ஒட்டு விடத் தொடங்கும். நாணயத்தால் தட்டிப் பாருங்கள்: ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டிச் சத்தம், விட்டுப்போன இடத்தில் பொள்ளல் சத்தம். அந்தப் பொள்ளலில் தண்ணீர் தேங்கும், சிமெண்டிலிருந்து உப்பைக் கரைத்து மேலே கொண்டுவரும், கல்லின் ஓரங்களில் வெள்ளை பூக்கும். பிறகு ஒருநாள் அந்த வழியே குடிநீர்க் குழாய் கசியும், அல்லது இணையக் கேபிள் பதிக்க வேண்டிவரும், அல்லது வேப்பமரத்தின் வேர் தளத்தைத் தூக்கும். அப்போது கான்கிரீட்டை உடைக்க வேண்டும், உடைக்கும்போது கல்லும் உடையும், அதே நிறத்தில் கல் மறுபடி கிடைக்காது. மணலில் பாவிய கல்லைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அதே இடத்தில் திரும்ப வைத்துவிடலாம். முப்பது வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் வீட்டை இடித்துக் கட்டினாலும் அந்தக் கல் மறுபடி பயன்படும். தமிழ்நாட்டுக் கோயில் குளங்களின் கருங்கற்படிகள் ஒட்டிய பிடியால் நிற்கவில்லை, தங்கள் எடையாலும் சரியான அடித்தளத்தாலும் நிற்கின்றன. இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல.

வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மணலில் பாவுவது என்றால் மண்ணைக் கிளறி மணலைத் தூவிக் கல்லைப் போடுவது என்று சில மேஸ்திரிகள் நினைக்கிறார்கள். அப்படிச் செய்து ஒரே மழையில் கல் அமிழ்ந்துபோவதால்தான் இந்த முறைக்கே கெட்ட பெயர். முதலில் ஒன்பது, பத்து அங்குலம் மண்ணை எடுக்க வேண்டும். அடிமண்ணைத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். சேவெள்ளா, சங்கர்பள்ளி பக்கம் போலக் கரிசல் மண்ணாக இருந்தால் இன்னும் ஆழமாகத் தோண்டி, மொரம் கொட்டி இறுக்குங்கள். கரிசல் நனைந்தால் பருக்கும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் மெல்லிய கான்கிரீட் தளமும் நிற்காது என்பதை மறக்க வேண்டாம். இறுக்கிய அடிமண்ணின்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி ஒன்றை விரித்தால் மண்ணும் ஜல்லியும் கலக்காது. பிறகு ஒன்றரை ஜல்லியும் முக்கால் ஜல்லியும் நாலைந்து அங்குலத்துக்கு, இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக இறுக்க வேண்டும். அதற்குமேல் ஒன்றரை அங்குலம் பருமணல். இங்கே ‘ரோபோ சேண்ட்’ என்று விற்பதை வாங்கலாம், ஆனால் தூள் கழுவியதாக இருக்க வேண்டும். கிரஷர் தூள் படுக்கையை அடைத்துத் தண்ணீரை நிறுத்திவிடும். நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, கல்லை இறக்கி மரச் சுத்தியால் நடுவிலும் நாலு மூலையிலும் தட்ட வேண்டும். ஒரு மூலையில் காலை வைத்தால் எதிர்மூலை எழும்பக் கூடாது. எழும்பினால் கல்லைத் தூக்கி, எங்கே மணல் குறைந்தது என்று பார்த்து, ஒரு கைப்பிடி போட்டு மறுபடி வைக்க வேண்டும். ஒரு கல்லுக்கு இரண்டு மூன்று முறைகூட இப்படித் தூக்கி வைக்க வேண்டிவரும். பொறுமையான வேலை, அதற்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கல்லின் கனம் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் இருக்கட்டும். கான்கிரீட்டின் மேல் ஒட்டும் முக்கால் அங்குலப் பலகை மணல் படுக்கையில் உடைந்துபோகும். இடுக்குகளைக் கால் ஜல்லியால் நிரப்பி, இருபக்க ஓரத்திலும் நீளக் கற்களைச் செங்குத்தாகப் புதைத்துவிட்டால் பாதை பக்கவாட்டில் விரியாது.

படிகளுக்குத் தனி கவனம் தேவை. பலகைகளை அடுக்கிப் படி கட்டுவதைவிட, ஆறு அங்குல உயரமுள்ள முழுக் கருங்கல்லையே படியாக வைப்பது நல்லது. அடிப்படியில் பாதியை மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். மேலே வரும் ஒவ்வொரு படியும் கீழ்ப்படியின் பின்விளிம்பின்மேல் இரண்டு அங்குலமாவது ஏறி உட்கார வேண்டும். அப்போது ஒன்றின் எடை மற்றதைப் பிடித்துக்கொள்ளும். வீட்டுப் படிக்கு உயரம் 19 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதி 25 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. வெளியில் இன்னும் தாராளமாக, 15 சென்டிமீட்டர் உயரமும் 33 சென்டிமீட்டர் மிதியும் வையுங்கள். இரண்டு உயரமும் ஒரு மிதியும் சேர்ந்தால் ஏறக்குறைய 63 சென்டிமீட்டர் வர வேண்டும் என்ற கணக்கு, 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கட்டடக்கலைஞர் பிளோண்டெல் வகுத்த விதியிலிருந்து வருகிறது. மனிதக் காலடியின் நீளத்தை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் இன்றைக்கும் பொருந்துகிறது. அதைவிட முக்கியம், எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருப்பது. முதல் இரண்டு படியில் கால் ஓர் உயரத்துக்குப் பழகிவிடும். மூன்றாவது அரை அங்குலம் மாறினாலே தடுக்கும். வாஸ்துக்காக ஒற்றைப்படை எண்ணில் படி வேண்டும் என்பார்கள் பலர். அது அவரவர் நம்பிக்கை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எண்ணிக்கைக்காகக் கடைசியில் ஒரு குட்டைப் படியைச் செருகாதீர்கள். மொத்த உயரத்தை அந்த ஒற்றைப்படை எண்ணால் முதலிலேயே வகுத்துக்கொள்ளுங்கள். அதோடு, பாலிஷ் கிரானைட் மழையில் வழுக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்தும் அதையே படியில் போடுகிறோம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு சறுக்கல் இடுப்பெலும்பு முறிவாக முடியக்கூடும். உளியால் கொத்திய முகமோ தீயில் வாட்டிய முகமோ இருந்தால் ஈரத்திலும் பிடிப்பு இருக்கும். கோலமாவும் அதில்தான் ஒழுங்காக நிற்கும். பளபளப்பான கல்லில் காலையில் போட்ட கோலம் ஒரு காற்றுக்குக் கலைந்துவிடும்.

எதிர்வாதங்களில் நியாயமானது, முதியவர்களையும் சக்கர நாற்காலியையும் பற்றியது. இடுக்கு உள்ள பாதையில் சக்கரம் தடுமாறும், ஊன்றுகோலின் நுனி சிக்கும். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற சரிவில் ஒரு சாய்தளத்தைக் கான்கிரீட்டிலேயே அமைத்து, சொரசொரப்பான கல்லை நெருக்கமாக ஒட்டுங்கள், கைப்பிடியும் வையுங்கள். கார் ஏறி இறங்கும் தடத்துக்கும், நாலைந்து அடிக்கு மேல் செங்குத்தாக ஏறும் படிக்கட்டுக்கும், மண்ணைத் தாங்கும் சுவருக்கும் கான்கிரீட் தேவைப்படலாம். என் வாதம் மிச்சமுள்ள பெரும்பரப்பைப் பற்றியது. பாம்பும் தேளும் இடுக்கில் புகும் என்ற அச்சமும் அடிக்கடி எழுகிறது. அவை ஒளிந்துகொள்ளப் பொந்தும் இடைவெளியும் வேண்டும். கால் ஜல்லியால் இறுக நிரப்பிய இரண்டு சென்டிமீட்டர் இடுக்கில் அதற்கு இடமில்லை. கட்டி முடித்த பிறகு சுற்றுச்சுவரை ஒட்டி விட்டுப்போன செங்கல் குவியலும், எலி வளைகளும்தான் உண்மையான ஆபத்து. புல் முளைக்கும் என்பது உண்மை. மாதம் ஒருமுறை பிடுங்க வேண்டும், அல்லது இடுக்கில் நீங்களே அருகம்புல்லை வளர்த்துவிடலாம். சூடு பற்றிச் சொல்வதும் உண்மை: கருங்கடப்பாவில் மே மாத மதியம் வெறுங்காலால் நிற்க முடியாது. வெளிர் நிறத் தாண்டூர் அந்த அளவுக்குச் சுடாது. ஒரு புங்கமரமோ வேம்போ நிழல் தந்தால் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிடும். கனமான கல்லுக்கு விலை கூடுதல் என்றாலும் கான்கிரீட், கலவை, பாலிஷ் செலவுகள் இதில் இல்லை. இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால் சதுரம் வெட்டாத உடைசல் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். பலகை எடுக்கும்போது மிஞ்சும் உடைசல் தாண்டூர்ப் பக்கம் குவாரிகளின் அருகே குவிந்து கிடக்கிறது. பாதைக்கு அது நேர்த்தியாகப் பொருந்தும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். தாண்டூரும் ஷாஹாபாதும் கடப்பாவும் சுண்ணாம்புக்கல். வீடு ஒப்படைக்கும் முன் தரை முழுவதையும் ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இங்கே உண்டு. சுண்ணாம்புக்கல்லில் ஆசிட் பட்டால் நுரைத்து மேல்தோலை அரித்துவிடும், அந்தத் தழும்பு போகாது. தண்ணீரும் தென்னந்துடைப்பமும் போதும் என்று வேலையாட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுத்தது கல்தூசி. உங்கள் வாசலில் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கட்டிங் மெஷினால் கிரானைட்டை உலர வெட்டுகிறவர் உள்ளிழுக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டச் சொல்வதும், தரமான முகக்கவசம் வாங்கிக் கொடுப்பதும் வீட்டுக்காரரின் கடமை. பெரும்பாலான கற்களைச் சுத்தியாலும் உளியாலும் ஓரம் தட்டியே பொருத்திவிடலாம் என்பது இந்த முறையின் இன்னொரு நன்மை.

வில்லாக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். எல்லா வீட்டு முற்றமும் ஒரேமாதிரி இருக்க வேண்டும் என்று சங்கம் விதி போட்டிருந்தால், அடுத்த பொதுக்குழுவில் இந்த விஷயத்தைப் பேசுங்கள். நூறு வீடுகள் தலா 400 சதுர அடியைத் திறந்துவிட்டால், மூடிக்கிடக்கும் நிலத்தில் ஏறக்குறைய ஓர் ஏக்கர் மழையைப் பார்க்கும். உட்சாலைகளில் ஆண்டுதோறும் முழங்கால் தண்ணீர் நிற்பதற்குப் பம்ப் வாங்குவதைவிட இதற்குச் செலவு குறைவு.

வேலையைப் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். மண் காய்ந்திருக்கும், திமிசு நன்றாக இறங்கும். ஒப்பந்தம் பேசும்போதே கூலியில் ஒரு பகுதியை முதல் பெருமழைக்குப் பிறகு தருவதாகச் சொல்லிவிடுங்கள், மேஸ்திரியும் ஒத்துக்கொள்வார். ஜூன் மழை இரண்டு பெய்ததும் எந்தக் கல் அமிழ்ந்தது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று தெரிந்துவிடும். அவரைக் கூப்பிட்டு அந்த ஐந்தாறு கற்களைத் தூக்கி, மணல் போட்டுச் சரிசெய்யச் சொல்லிவிட்டு மீதிக் கூலியைக் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் இந்த ஊரில் வாழும் ஒருவர்